நீலம் காட்டாத பாஸ்பரஸ்

அன்புள்ள கயல்விழிக்கு,

சார்காசோ கடலின் மேற்பரப்பு நீரில் பாஸ்பேட் கிட்டத்தட்ட இல்லையென்றால், அங்குள்ள நுண்ணுயிர்கள் எதைத் தின்று பெருகுகின்றன என்று கேட்டிருந்தாய். உன் பாடநூலை எழுதியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அவரோ 'கடற்பாலைவனம்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். எனக்கு எரிச்சல் அதில்தான்.

அந்த 'இல்லை' எப்படி வந்தது என்று முதலில் பார். வடிகட்டிய கடல்நீரில் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்தால் பாஸ்பேட்டின் அளவுக்கேற்ப நீலம் ஏறும். சார்காசோ நீரில் நிறமானி எதையும் காட்டாது. அதே நீரில் பெர்சல்பேட் போட்டு ஆட்டோகிளேவில் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி மாலிப்டேட் விடு. இப்போது மெல்லிய நீலம் வரும். பாஸ்பரஸ் அதற்குள்தான் இருந்தது, கரைந்த கரிமப் பொருளாக. மேற்பரப்பில் அதன் அளவு பாஸ்பேட்டைவிடப் பல மடங்கு.

செத்த செல்லிலிருந்தும் வைரஸ் உடைத்த செல்லிலிருந்தும் அது நீரில் கலப்பது உனக்குத் தெரியும். அதை எடுக்க நுண்ணுயிர்கள் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகின்றன. அந்த நொதியில் ஒரு வகைக்குத் துத்தநாகம் வேண்டும். இன்னொன்றுக்கு இரும்பும் கால்சியமும். ஆகவே பாஸ்பரஸுக்கு வந்த பஞ்சம் சில சமயம் உலோகத்துக்கும் வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்போனேட்டுகள். இவற்றில் பாஸ்பரஸ் நேராகக் கார்பனோடு பிணைந்திருக்கும். பாஸ்பட்டேஸ் இந்தப் பூட்டைத் திறக்காது. வேறு நொதிகள் வேண்டும். நம் மன்னார் வளைகுடாவிலும் அவ்வப்போது பெருகும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நுண்ணுயிரில் அதற்கான மரபணுக்கள் இருப்பதை 2006இல் கண்டார்கள். மெத்தில்பாஸ்போனேட் உடையும்போது பாஸ்பரஸ் செல்லுக்குப் போகிறது, மீத்தேன் நீருக்குப் போகிறது. ஆக்சிஜன் நிறைந்த மேற்பரப்பு நீரில் மீத்தேனுக்கு என்ன வேலை என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குழம்பியிருந்தார்கள். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கோ ஆக்சிஜன் ஆகாது. 2008இல் டேவிட் கார்ல் குழுவினர் ஹவாய்க் கடல்நீரை வைத்து இந்த வழியைக் காட்டினார்கள். பசியில் பாஸ்பரஸைத் தேடிய உயிர் விட்டுச்சென்ற எச்சம் அந்த வாயு! இதை நான் வகுப்பில் சொல்லத் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை.

இன்னொரு பழைய கதை. 1900களின் முதல் பத்தாண்டில் ஆகஸ்ட் பியூட்டர் என்ற ஜெர்மானியர், கடல் விலங்குகள் நீரில் கரைந்த பொருளை உண்டே பெரிதும் வாழ்கின்றன என்றார். நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோக் 1931இல் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். குரோக் சொன்னது சரிதான். ஆனால் அதைப் படித்தவர்கள் பலர் கரைந்த பொருளையே மறந்துவிட்டார்கள். விலங்குக்கு உதவாதது யாருக்குமே உதவாதாம்! பாக்டீரியாவுக்கு அது முதன்மை உணவு என்பதைக் கடலியல் பெரிய அளவில் ஏற்க 1974இல் லாரன்ஸ் போமராய் எழுத வேண்டியிருந்தது. 1983இல் ஃபரூக் ஆசாமும் கூட்டாளிகளும் அதை 'நுண்ணுயிர் வளையம்' என்று விரித்தார்கள். இன்னமும் பாக்டீரியாவை 'சிதைப்பவை' என்ற ஒற்றைக் கட்டத்தில் அடைத்துப் படம் போடும் புத்தகங்களை என்ன சொல்வது!

எல்லாம் உண்ணத்தக்கது என்று எண்ணிவிடாதே. ஆழ்கடலில் கரைந்துள்ள கரிமப் பொருளின் சராசரி வயது கார்பன் கணக்குப்படி 4,000 ஆண்டுகளுக்கு மேல். அதைத் தொட எளிதில் எதுவும் முன்வருவதில்லை.

போமராயின் 1974 கட்டுரையை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படி. சில பக்கங்கள்தான். படித்த பிறகு உன் பாடநூல் படத்தைத் திருத்தி வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா