திசு வளர்ப்பு வாழையும் நமது வியாபாரமும்

மண்டிக்கு வரும் தார்களில் ஜி-9 எனப்படும் கிராண்ட் நைன் ரகம் இன்று கணிசமான இடத்தைப் பிடித்துவிட்டது. இந்த ரகம் பெரும்பாலும் திசு வளர்ப்புக் கன்றிலிருந்தே பயிராகிறது. "இது ஆய்வுக்கூடத்துப் பழமா?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். தோட்டத்திற்கு முன்பணம் கொடுக்கும் மொத்த வியாபாரிகளுக்கோ இது போட்ட முதல் திரும்புமா என்ற கேள்வி.

கன்று உருவாகும் விதம்

நல்ல தார் ஈன்ற, நோயற்ற தாய்மரத்தின் பக்கக் கன்றிலிருந்து நுனிக் குருத்தைச் சிறு துண்டாக எடுக்கிறார்கள். கிருமி நீக்கி, சர்க்கரை, தாது உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த கூழில் குடுவைக்குள் வளர்க்கிறார்கள். முராஷிகே, ஸ்கூக் என்ற இரு அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட ஊட்டக் கலவையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. ஒரு குருத்து பலவாகப் பெருகும். அவற்றைப் பிரித்துப் பிரித்து வைப்பார்கள். வேர் விட்டபின் நிழல்வலைக் கூடத்தில் வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஏறக்குறைய ஓரடி உயரம் வந்ததும் விற்கிறார்கள்.

இதில் மரபணு எதுவும் புகுத்தப்படுவதில்லை. தாய்மரத்தின் குணமே கன்றுக்கும். பழம் விளைவது தோட்டத்து மண்ணில்தான். இதுவே வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது வேறு விஷயம். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லாபமும் ஆபத்தும்

கிழங்குக் கன்றுகள் வயதிலும் பருமனிலும் வேறுபடுவதால் தார்கள் முன்பின்னாக வரும். திசு வளர்ப்பில் கன்றுகள் ஒரே வயது. தார்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே அளவில் முற்றும். லாரி நிறைய ஏற்றவும், பழுக்க வைக்கும் அறையை ஒரே தவணையில் நிரப்பவும் இது வசதி. ஆனால் ஒரு வட்டாரமே ஒரே மாதத்தில் நட்டால், ஒரே வாரத்தில் சரக்கு குவிந்து விலை சரியும்.

இன்னொன்று: குடுவையில் வளர்ந்தது என்பதாலேயே கன்று நோயற்றதாகிவிடாது. தாய்மரத்தில் முடிக்கொத்து நோயின் வைரஸ் இருந்தால் அது ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கும் பரவக்கூடும். வரம்பின்றிப் பிரித்துப் பெருக்கினால் குணம் மாறிய கன்றுகளும் வரும். நட்டபின் மண்ணிலுள்ள வாடல் நோயையும் இக்கன்று தானாகத் தடுக்காது. இவற்றைக் கண்காணிக்கவே 2006-இல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் மூலம் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்று முறை ஏற்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

1. முன்பணம் கொடுக்குமுன் கன்று வாங்கிய ரசீதையும், வைரஸ் பரிசோதனைச் சான்றையும் பார்க்க வேண்டும்.

2. தோட்டக்காரரிடம் பேசி, நடவைச் சில வார இடைவெளியில் பிரித்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

3. கன்று விற்கும் அங்கத்தினர்கள் ரகம், கூடத்தின் பெயர், தேதி குறித்த ரசீது இல்லாமல் விற்கக் கூடாது.

வாழையில் நட்ட கன்று தவறானது என்பது தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் விவசாயியின் உழைப்பும் நமது முன்பணமும் சேர்ந்தே போய்விடும். ஆகவே தாரின் எடையைப் பார்க்கும் அதே கவனத்தோடு கன்றின் சான்றையும் பார்ப்போம்.