ஒரு மேக்ரோவைப் படித்துவிட்டு



சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சில் எந்தச் சாதனத்தைச் சொருகினாலும் அதன் இனம் அறிந்து போர்ட் தானே கான்ஃபிகரேஷனை ஏற்றுக்கொள்ளும்படி நீ எழுதியனுப்பிய மேக்ரோவை நேற்றிரவு நிதானமாக வாசித்தேன். இதற்கு அடிப்படையான ஆட்டோ ஸ்மார்ட்போர்ட்டின் பூர்வாங்கங்கள் நாம் இருவரும் அறிந்தவையாகையால், என்னை உறுத்திய விஷயத்துக்கே வருகிறேன்.

சிடிபி வழியாக ஒரு சாதனம் தன்னை ஸ்விட்ச் என்று அறிவித்த மாத்திரத்தில், அந்தப் போர்ட்டை டிரங்க்காக மாற்றி, ஒரு வி-லானைக்கூட விலக்காமல் சகலத்தையும் திறந்துவிட்டிருக்கிறாயே, என்ன தைரியம் உனக்கு! 60 விநாடிக்கு ஒரு முறை வரும் அந்தச் செய்தி அத்தாட்சி ஏதுமற்ற வெறும் சுயபிரகடனம்; மடிக்கணினி வைத்திருக்கும் எந்த விஷமக்காரனும் அதைப் புனைந்து அனுப்பலாம்; எல்எல்டிபியும் இதில் மேலானதன்று. கல்யாணப் பந்தியில் "மாப்பிள்ளை வீட்டான்" என்று சொல்லி உட்காருகிறவனுக்கு இலை போடலாம். உக்கிராண அறைச் சாவியைக் கொடுக்கலாமா? போன் என்று பொய் சொன்னவனுக்கு வாய்ஸ் வி-லான் ஒன்றுதான் கிட்டும். ஸ்விட்ச் என்று பொய் சொன்னவனுக்கோ கட்டடம் முழுவதும். இதை நான் சொல்லாத கூட்டமில்லை. கேட்டுச் சலிக்காத சகாவும் இல்லை. ஆளை அறிவது 802.1எக்ஸின் வேலை, சோதித்து முடித்த ரேடியஸ் சர்வரே எந்த மேக்ரோ ஓட வேண்டும் என்பதையும் தன் பதிலில் சொல்லியனுப்ப மார்க்கம் இருக்கிறது. அப்லிங்க் போர்ட்டுகளை மட்டும் கையால் எழுதி, அவற்றில் "நோ மேக்ரோ ஆட்டோ ப்ராசஸிங்" என்று போட்டுவிடு.

கையால் எழுதுவது என்றதும் பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. நாங்கள் கன்சோல் கேபிளைச் செருகி 9600 பாட் வேகத்தில் நோட்பேடிலிருந்து வரிகளை ஒட்டிய காலத்தில், அவசரப்பட்டு மொத்தமாக ஒட்டினால் நடுநடுவே எழுத்துக்கள் காணாமற்போகும். ஆகவே 48 போர்ட்டுகளையும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் தாளில் சரிபார்க்க வேண்டுமென்பது என் அன்றைய மேலதிகாரியின் நியமம். மகா அலுப்பு. ஆனாலும் எந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு போர்ட்டும் எங்களிடமிருந்து தப்பியதில்லை.

இவ்வளவு கடிந்துகொண்ட பிறகும், லிங்க் விழும்போது ஓடும் பகுதியை நீ எழுதியிருக்கும் அழகைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. போனைப் பிடுங்கிய பின்னும் வாய்ஸ் வி-லான் போர்ட்டிலேயே அனாதையாகக் கிடக்கும்படி விடுகிறவர்களே உலகில் அதிகம்; நீயோ இட்டவற்றையெல்லாம் ஒன்று விடாமல் திரும்ப எடுத்திருக்கிறாய். அபாரம், தம்பி! வி-லான் எண்ணை நேரடியாக எழுதாமல் மாறியாக விட்டதும் உத்தமமான காரியம்.

டிரங்க் பகுதியைத் திருத்தி மறுபடியும் அனுப்பு. ஆனால் இந்த முறை திரையைப் படமெடுத்து அனுப்பாதே, கண்ணாடி போட்டும் எனக்கு அந்த எழுத்துக்கள் தெரிவதில்லை.