ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தஞ்சைப் பக்கம் நெல் அளந்து பழகியவர்களுக்கு ஒரு கலம் என்றால் 12 மரக்கால் என்று தெரியும். 10 மரக்காலை மீதமின்றி 2 அல்லது 5 பங்காகத்தான் பிரிக்கலாம், அதைவிட்டால் ஆளுக்கு ஒரு மரக்காலாக 10 பங்கு. 12 மரக்காலையோ 2, 3, 4, 6 பங்குகளாகவும் பிரிக்கலாம். 12ன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என மொத்தம் ஆறு. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது.

இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி, கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1915ல் லண்டனில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத அக்காலத்தில் 6746328388800 வரை பட்டியல் தந்தார். அதில் ஒரே ஒரு எண் விடுபட்டுவிட்டது. அதை இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் வரவழைப்போம்.

1. எக்செல் திறந்து, ஒரு செல்லில் =2^6*3^4*5^2*7^2*11*13*17*19 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ^ என்பது அடுக்கைக் குறிக்கும்.

2. விடை சுருக்கமாக, நடுவில் ஓர் ஆங்கில எழுத்துடன் தெரியும். பயப்பட வேண்டாம். அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் சென்று, நம்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, டெசிமல் பிளேசஸ் 0 என மாற்றுங்கள். ##### என்று வந்தால் காலத்தை அகலப்படுத்துங்கள். விடுபட்ட எண் வந்துவிடும்: 293318625600.

3. இதற்கு எத்தனை வகுத்திகள்? 2ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 7 வழிகள். இப்படி ஒவ்வொரு அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். அடுக்கு போடாத 11, 13, 17, 19க்கு அடுக்கு 1. எனவே =7*5*3*3*2*2*2*2 என டைப் செய்யுங்கள். விடை 5040.

4. இனி =293318625600*23 போட்டுப் பாருங்கள். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணே வரும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 5040க்கு 60 வகுத்திகள். 60க்கு 12. நான்குமே இந்த வகை எண்கள்தான். பன்னிரண்டு இலக்க எண்ணில் தொடங்கி மரக்கால் கணக்கில் வந்து நிற்கிறோம்.

மேதையே ஒன்றை விட்டுவிட்டார், கம்ப்யூட்டர் விடாது என்று நினைத்துவிடாதீர்கள். எக்செல் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க கார்டு எண்ணை அப்படியே டைப் செய்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். எனவே கணக்குப் போடத் தேவையில்லாத நீண்ட எண்களுக்கு முன்னால் ' குறியை இட்டு டைப் செய்யுங்கள். எக்செல் அதை எழுத்தாகக் கருதி அப்படியே வைத்துக்கொள்ளும்.