சீரற்ற மதிப்பெண்களும் சட்டக் கல்லூரிப் பிரவேசமும்

அமெரிக்காவில் வக்கீலாக விரும்புகிறவர்கள் முதலில் நான்கு வருஷம் வேறொரு துறையில் பட்டம் பெற்று, அதன் பிறகே ஜே.டி. என்னும் மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு மனுச் செய்ய வேண்டியிருப்பதால், பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளை நோயாலோ, ஏக்கத்தாலோ, பெற்றோர் விருப்பத்துக்காக எடுத்துக்கொண்ட பாடம் தனக்கு ஒவ்வாததாலோ முதல் வருஷத்தில் வாங்கிய குறைந்த மதிப்பெண்கள், இருபத்திரண்டாம் வயதில் மீண்டும் அவன் எதிரே வந்து நிற்கின்றன. இது குறித்து அங்கே குடியேறிய நம் குடும்பங்களில் வழங்கும் அபிப்பிராயங்களுள் சில வீண் பீதியையும், சில வீண் ஆறுதலையும் தருவன; இவ்விரண்டில் ஆறுதல் தருபவையே அதிகத் தீங்கு செய்கின்றன என்பது என் துணிபு.

‘சராசரி குறைந்தால் சட்டக் கல்லூரியை மறந்துவிட வேண்டியதுதான்’ என்பது பீதி. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும், தான் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரியிலும் பிரவேசப் பரீட்சையிலும் கீழ்க் கால்பகுதி, நடு, மேல் கால்பகுதி ஆகிய எல்லைகளைக் குறிக்கும் எண்களை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்பது விதி. கீழ்க் கால்பகுதி எண்ணுக்கு அடியிலும் மாணவர்கள் அந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அந்த அட்டவணையே காட்டும்போது, உறவினர் சொல்லைக் கேட்டு மனம் உடைவதற்கு நியாயம் இல்லை.

‘எல்லாவற்றையும் அந்த ஓர் எண்ணே தீர்மானிக்கிறது’ என்பதும் பாதி உண்மைதான். முதல் இரண்டு வருஷங்களில் 2.4, பின் இரண்டு வருஷங்களில் 3.8 என்று உயர்ந்த ஒருவருக்கும், நான்கு வருஷமும் 3.1-லேயே நின்ற ஒருவருக்கும் சராசரி ஒன்றே. ஆயினும் மதிப்பெண் பட்டியலை வரிவரியாக வாசிக்கிறவர் கண்ணுக்கு இவ்விருவரும் ஒருவரல்லர். முற்பகுதியின் வீழ்ச்சியும் பிற்பகுதியின் ஏற்றமும் அங்கே வருஷக்கிரமமாகப் பதிவாகியிருக்கின்றன. இறங்குமுகமான பட்டியலுக்கு இந்தச் சலுகை இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி அந்த வீண் ஆறுதல்களைப் பார்ப்போம். ‘எம்.ஏ. படித்து நல்ல மதிப்பெண் வாங்கினால் பழைய கணக்கு அழிந்துபோகும்’ என்று நம்பி, இரண்டு வருஷத்தையும் பெருங்கடனையும் செலவிடுகிறவர்கள் உண்டு. மனுக்களைத் திரட்டி அனுப்பும் எல்சாக் என்னும் ஸ்தாபனம், முதல் இளங்கலைப் பட்டத்துக்கு முன் பெற்ற மதிப்பெண்களை மட்டுமே கொண்டு, எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான முறையில் சராசரியை மறுபடி கணக்கிடுகிறது. அப்பட்டத்துக்குப் பின் பெற்ற எதுவும் அதில் சேராது. மேற்படிப்பால் சிரத்தையை மெய்ப்பிக்கலாம்; அந்த எண்ணை மாற்ற முடியாது.

‘தவறிய பாடத்தைத் திரும்ப எழுதிவிட்டேன், பழையது போயிற்று’ என்பது இன்னொன்று. கல்லூரி தன் கணக்கில் பழைய மதிப்பெண்ணை மன்னித்திருக்கலாம். பட்டியலில் இரண்டும் காணப்பட்டால் எல்சாக் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் விளையாட்டாக எடுத்த பாடமும் இவ்விதமே வந்து சேரும். ஒவ்வொரு கல்லூரியின் பட்டியலையும் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால், ஒன்றை விட்டுவிடலாம் என்ற யோசனை மோசமான யோசனை.

பட்டம் வாங்கியபின் மாற்றத்தக்கதாக மிஞ்சுவது பெரும்பாலும் எல்சாட் என்னும் பிரவேசப் பரீட்சையே. 120 முதல் 180 வரை மதிப்பெண் வழங்கும் இப்பரீட்சையை ஆயுளில் ஏழு முறை எழுதலாம். எல்லா முயற்சிகளும் கல்லூரிக்குத் தெரியும் என்றாலும், 2006 முதல் கல்லூரிகள் வழக்கறிஞர் சங்கத்துக்குத் தெரிவிப்பது உயர்ந்த மதிப்பெண்ணையே என்பதால், அதற்கே அவை பெரிதும் மதிப்பளிக்கின்றன. சராசரி தாழ்ந்தும் பரீட்சை உயர்ந்தும் இருக்கிறவர்களை விரும்பி ஏற்கும் கல்லூரிகள் உண்டு. ஆகவே, அவசரப்பட்டு இந்த வருஷமே மனுப் போடுவதைவிட, ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே பயின்று எழுதுவது மேல் என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவிலேயே பட்டம் முடித்துச் செல்கிறவர்கள் தங்கள் சதவீதத்தை 4 என்ற அளவுக்கு மாற்றத் தவிப்பதும் அநாவசியம். அவர்களுக்கு எல்சாக் எண் தராமல், சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்பன போன்ற தரக்குறிப்பையே தருகிறது.

கடைசியாக, ‘பழைய குறையை நாமே எடுத்துச் சொல்வானேன்’ என்ற எண்ணம். அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜோ பைடனே உதாரணம். அவர் 1965-இல் டெலவேர் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றபோது 688 பேரில் 506-ஆம் இடத்தில் இருந்தார். ஆயினும் ஸிரக்யூஸ் சட்டக் கல்லூரியில் இடம் பெற்று 1968-இல் தேறினார். இன்றைய போட்டி அக்காலத்தைவிடக் கடுமையானது என்பதால் அதை நான் பெரிதாக்கவில்லை. கவனிக்க வேண்டியது பிற்பாடு நடந்தது: 1987-இல் ஜனாதிபதி பதவிக்கு முயன்றபோது, சட்ட வகுப்பில் மேற்பாதியில் தேறியதாக அவர் கூறியதும், 85 பேரில் 76-ஆம் இடம் என்று ஆவணங்கள் காட்டியதும் அவருக்குப் பெரும் சங்கடத்தை விளைவித்தன. தாழ்ந்த இடம் தடுக்காத மனிதருக்கு, அதை உயர்த்திச் சொன்ன வார்த்தை இடையூறாயிற்று.

மனுவோடு தனியாக ஒரு விளக்கக் கடிதம் இணைக்க அநேகமாக எல்லாக் கல்லூரிகளும் இடம் தருகின்றன. என்ன நேர்ந்தது, எந்தப் பருவத்தில் நேர்ந்தது, இப்போது அது எவ்வாறு நீங்கியது என்ற மூன்றையும் அரைப் பக்கத்துக்குள், ஆசிரியர்மேல் பழி போடாமல், இரக்கத்தை யாசிக்காமல் எழுத வேண்டும். காரணம் சோம்பல்தான் என்றால், அதைக் கௌரவமாக ஒப்புக்கொள்வதே உத்தமம். படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்யும் வேளையில் ஒழுக்கத் தகுதியை விசாரிக்கும் குழு, பழைய சட்டக் கல்லூரி மனுவையும் எடுத்துப் பார்க்கும். அங்கே குறைந்த மதிப்பெண்ணைவிட மறைத்த செய்தியே பெருங்குற்றமாகக் கொள்ளப்படுகிறது.

ஆகையால், மனுப் போட எண்ணுகிற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இன்றே எல்லாக் கல்லூரிப் பட்டியல்களையும் வரவழைத்து, விரும்பும் கல்லூரிகள் வெளியிட்டுள்ள அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.