புத்தகத்தை மூடி வைத்துப் படியுங்கள்

இந்தப் பதிவு பிளஸ் டூ, கல்லூரி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவங்களுக்கும் அனுப்புங்க.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி ரொம்பப் பெருமையாகச் சொன்னாங்க: "உன் தம்பி ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான்டா. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துடறான்." அவன் பிளஸ் டூ. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. ரிவிஷன் டெஸ்டில் இயற்பியல் மார்க் என்ன என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாம் படிச்சதுதான் அண்ணா. ஹால்ல வரல."

இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர். விடிய விடிய டீ குடித்து, நோட்ஸை மூணு தடவை படித்து முடித்துவிட்டுத்தான் ஹாலுக்குப் போனேன். கேள்வித்தாளில் எல்லாமே தெரிந்த கேள்வி. ஏவிஎல் மரத்தின் சுழற்சி எந்தப் பக்கத்தில் இருந்தது, எந்த நிற மார்க்கர் போட்டிருந்தேன் என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது. சுழற்சி மட்டும் வரவில்லை. என் முதல் அரியர் அது. வீட்டில் சொல்ல எனக்கு ரெண்டு வாரம் ஆனது.

அப்போது என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டேன். உண்மையில் நான் சோம்பேறி இல்லை, படித்த விதம்தான் தப்பு. மறுபடி மறுபடி படிக்கும்போது அந்தப் பக்கம் நமக்குப் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. தெருவில் தினமும் பார்க்கிற ஒருத்தரை அடையாளம் தெரியும், பேர் கேட்டால் முழிப்போம் இல்லையா, அந்த மாதிரி.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடப் பகுதியை நாலு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது, மீதி மூணு சுற்றும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டபோது ஜெயித்தது படித்த குழு: 83 சதவீதம், எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது, எழுதியவர்களுக்கு 61. அந்த முதல் அஞ்சு நிமிஷம்தான் நம்மை ஏமாற்றுகிறது. பப்ளிக் எக்ஸாம் அஞ்சு நிமிஷத்தில் வராதே!

நம்மில் பல பேருக்குக் கந்த சஷ்டி கவசம் பார்க்காமல் வரும். 200 வரிகளுக்கு மேல். யாராவது மார்க்கர் போட்டு உட்கார்ந்து மனப்பாடம் செய்தோமா? கூடவே சொன்னோம், நடுவில் மாட்டிக்கொண்டோம், புத்தகத்தை எட்டிப் பார்த்தோம், மறுநாள் திரும்பச் சொன்னோம். அவ்வளவுதான் முறை. இயற்பியலுக்கு மட்டும் ஏன் வேறு மாதிரி படிக்கிறோம் என்று எனக்கு இப்போது வரை புரியவில்லை.

தம்பியிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். முதல் பாடம், நிலைமின்னியல். "முடிவிலா நீளமுள்ள மின்னூட்டக் கம்பி, காஸ் விதி வைத்து மின்புலம் கண்டுபிடி. புத்தகம் என்கிட்ட இருக்கட்டும்." கம்பியைச் சுற்றி உருளை வரைந்தான். கடைசிச் சமன்பாட்டையும் எழுதிவிட்டான். உருளையின் ரெண்டு முனைகளிலும் பாயம் ஏன் சுழி என்று கேட்டேன். அமைதி. புலம் கம்பியிலிருந்து வெளிப்பக்கமாகப் போகிறது, முனைத் தட்டுகளை ஒட்டியே ஓடுகிறது, அவற்றைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, அதனால் சுழி. இதை அவன் பத்துத் தடவையாவது படித்திருப்பான். எங்கே ஓட்டை என்று ஒரு வெற்றுத்தாள் காட்டும் வரைக்கும் அவனுக்கே தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பகுதியைப் படி, மூடு, வந்ததை எழுது. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். மறுநாள் ஒரு தடவை, மூணு நாலு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, ஒவ்வொன்றும் பார்க்காமல். முதல் ரெண்டு நாள் கடுப்பாக இருக்கும். ஒண்ணுமே தெரியலையே என்று தோணும். அங்கே பயந்து பழைய முறைக்குப் போய்விடாதீங்க.

அடுத்தது தூக்கம். இதில்தான் சித்திக்கும் எனக்கும் சண்டை. 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-ல் சொன்னது. தம்பி தூங்கியது நாலு. பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டினால், படித்ததையே பாதியில் விட்ட மாதிரி. "நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." என்று சித்தி ஆரம்பித்தாங்க. கடைசியில் பத்தரைக்குப் படுக்கை, ஆறரைக்கு எழுந்திரிப்பது என்று ஒரு மாசத்துக்கு ஒப்புக்கொண்டாங்க. சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி கிடையாது. குடித்த காஃபீனில் பாதி குறைவதற்கே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும்.

போன்? அணைத்துப் பக்கத்தில் வைப்பதெல்லாம் எனக்கு வேலை செய்ததில்லை. வேறு அறையில், அம்மாவிடம். சந்தேகத்தை ஒரு தாளில் குறித்து வைத்துக் கடைசியில் மொத்தமாகத் தேடலாம். காலைச் சாப்பாட்டை விடாதீங்க. நாற்பது அம்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து மொட்டை மாடிக்காவது போய் வாங்க.

இன்னொன்று. படிப்பு பயம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், வீட்டில் ஒருத்தரிடம் உடனே சொல்லுங்க. சொல்ல முடியாவிட்டால் 14416. டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம். என் அரியர் நாட்களில் இந்த எண் கிடையாது. அந்த ரெண்டு வாரம் தனியாக எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குத் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். மின்னூட்டக் கோளக்கூடு, பார்க்காமல் எழுதியது, ஒரு இடத்தில் மட்டும் அடித்துத் திருத்தியிருந்தான். "கூட்டுக்குள்ள புலம் ஏன் சுழின்னு எனக்கே வந்துடுச்சு அண்ணா, சொல்லட்டுமா?"

காலைல சொல்லு, இப்போ படு என்று பதில் போட்டேன்.