ஆங்கில 'இஃப்' வாக்கியங்களில் வினைக்காலம்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு அம்மொழியின் வினைக்காலங்கள் யாவும் ஓரளவு இடர் தருவனவே. எனினும் 'இஃப்' என்னும் சொல்லோடு தொடங்கும் வாக்கியங்களில் அவர் தடுமாறுதல்போல் வேறெங்கும் தடுமாறுவதில்லை. இதற்குக் காரணம் அவர்தம் சோம்பலன்று. இறந்தகாலத்தை இருமொழிகளும் வெவ்வேறு பணிக்கு ஏவுதலேயாம்.

சம்பளச் சலுகை வேண்டி விண்ணப்பம் எழுதும் தந்தையற்ற மாணவன் ஒருவனைக் கருதுவோம். "என் தந்தை இருந்தால் சம்பளம் கட்டுவார்" என்று தமிழில் எண்ணி, "இஃப் மை ஃபாதர் இஸ் அலைவ், ஹி வில் பே மை ஃபீஸ்" என்று அவன் எழுதுகின்றான். தமிழ் வாக்கியத்தைக் கேட்போர் இடமறிந்து பொருள்கொள்வர். ஆங்கில வாக்கியமோ, தந்தை உயிரோடிருக்கின்றாரா என்பது எழுதினவனுக்கே தெரியாதென்று சொல்லுகின்றது. அவர் எங்கோ காணாமற்போயினார் போலும் என்று படிப்பவர் நினைத்தால் அவர்மேற் குற்றமில்லை. "இஃப் மை ஃபாதர் வேர் அலைவ், ஹி வுட் பே மை ஃபீஸ்" என்றிருப்பின், 'அவர் இல்லை' என்பது தனியே கூறாமலே விளங்கியிருக்கும். பேசப்படுவது இன்றைய நிலையே. 'இஸ்' என்பது 'வேர்' ஆனதும், 'வில்' என்பது 'வுட்' ஆனதும் சென்ற காலத்தைக் காட்டுதற்கல்ல, இன்மையைக் காட்டுதற்கேயாம்.

'வந்தால்' என்னும் நம் சொல்லும் இறந்தகால உருவத்தையே உடையது. ஆயினும் "நாளை வந்தால்" என்று கூசாது சொல்லுகின்றோம். நன்னூலாரும் 'செயின்' என்னும் வாய்பாட்டை எதிர்கால வினையெச்சத்தின்பாற் படுத்தினார். ஆகவே "இஃப் ஹி கேம் டுமாரோ" என்பதைக் கண்டு நாம் வியத்தற்கில்லை. வேற்றுமை யாதெனின், 'வந்தால்' என்பது வருவான் என்று நம்புவோனுக்கும் வாரான் என்று கருதுவோனுக்கும் பொது. ஆங்கிலத்தில் நம்புவோன் 'கம்ஸ்' என்பான்; ஐயுறுவோன் 'கேம்' என்பான்.

இதனினும் ஆழ்ந்த முரண் ஒன்றுண்டு. விரைவு, மிகுதி, தெளிவு முதலியவற்றால் காலம் பிறழ்ந்துவருதலை நன்னூல் ஒப்புக்கொள்ளுகின்றது. அழைத்த குரலுக்கு, இன்னும் எழுந்திராதவன் "வந்தேன், வந்தேன்" என்கிறான். எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டிலேறின் மழை பெய்தது என்று, இனிப் பெய்யும் மழையை இறந்தகாலத்தாற் கூறுதலை உரையாசிரியர்கள் காட்டுவர். நிகழாததை நிகழ்ந்தது போலத் தெளிவுபடுத்தவே நாம் இறந்தகாலத்தை அழைக்கின்றோம். ஆங்கிலரோ 'இஃப்' என்பதன்பின் அதே காலத்தைக்கொண்டு செய்தியை உண்மையினின்று அப்பாற் படுத்துகின்றனர். நம் மாணவர் செவிக்கு 'வேர்' வலிந்ததாகத் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமென்று எண்ணுகின்றேன்.

பண்டை ஆங்கிலத்தில் இத்தகைய கூற்றுக்கென வினைக்குத் தனி உருவங்கள் இருந்தன. நாளடைவில் ஈறுகள் தேய, அவை இறந்தகால உருவங்களோடு ஒன்றாயின. 'ஐ', 'ஹி' என்பவற்றோடு வரும் 'வேர்' ஒன்றே வேறுபாடு தெரிய எஞ்சி நிற்கின்றது. இக்காலத்துப் பேச்சில் "இஃப் ஐ வாஸ்" என்பாரும் பலர். எழுத்தில் 'வேர்' என்பதே சிறப்பு.

இன்மை சென்ற காலத்ததாயின் வினை இன்னும் ஒருபடி பின்செல்லும். யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தாள், இயேசு அங்கே இருந்திருந்தால் தன் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று முறையிடுகின்றாள். லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாளாயிற்று. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்வாக்கியத்தின் இருபாலும் 'ஹேட்' என்பதையே ஆளுகின்றது. இன்று எழுதுவோர் பிற்பகுதியில் 'வுட் ஹேவ்' என்பர். நம்மவர் நெடுங்காலமாக வாசித்துவரும் தமிழ் வேதாகமத்திலோ முடிக்குஞ்சொல் 'மரிக்கமாட்டான்' என்னும் எதிர்கால மறை. கல்லறையை அறியாதார் அச்சொல்லை மட்டும் கேட்பின், சகோதரன் இன்னும் நோயிற் கிடக்கின்றான் என்றே கொள்வர். ஆங்கிலத்தில் அதற்கு இடமேயில்லை. துயரம் வினையிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இப்பிற்பகுதியின் 'வுட்' என்பதை முற்பகுதிக்கும் இழுத்து, "இஃப் ஹி வுட் ஹேவ் கம்" என்றெழுதுதல் விடைத்தாள்களிற் காணப்படும் பிழை. "இஃப் ஹி ஹேட் கம்" என்பதே வேண்டும். இரு பகுதிகளும் ஒரே காலத்தன ஆகவேண்டுமென்பதும் இல்லை. "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் லா, ஐ வுட் பி எ லாயர் நௌ" என்பதில் கல்வி அன்றையது, தொழில் இன்றையது.

இவ்விதி பிடிபட்ட மாணவன், 'இஃப்' கண்ட இடமெல்லாம் 'வேர்' எழுதத் தலைப்படுவதுமுண்டு. "இஃப் ஹி வாஸ் இன் சேப்பல் யெஸ்டர்டே, ஹி ஹெர்ட் தி அனௌன்ஸ்மென்ட்" என்பவன், நண்பன் நேற்று ஆராதனைக்கு வந்தானோ இல்லையோ என்பதை அறியாதவன், இல்லையென்று மறுப்பவனல்லன். இங்கே 'வாஸ்' உள்ளபடியே நேற்றைய காலத்தைக் காட்டுவது; அதைத் திருத்தலாகாது.