மேகத்துக்குள் வழிகாட்டும் கடிகாரம்

ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்றொரு மலை உண்டு. பிரிட்டனில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. என்றாலும் அதன் உயரம் 1345 மீட்டர்தான். இவ்வளவுதானா என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் உச்சியை மேகம் மூடிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் நடைபாதையும் பனிக்குள் புதைந்துவிடும். அப்போது தரை எது, வானம் எது என்றே தெரியாது. எங்கும் ஒரே வெண்மை.

உச்சியின் வடபுறம் செங்குத்தான பாறைச் சரிவு. உச்சிக்கு அருகிலேயே கார்டிலூ என்ற பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. அதற்கு அஞ்சி இடப்பக்கம் அதிகமாக ஒதுங்கி இறங்கினாலோ, ஐந்து விரல் பள்ளம் என்ற மற்றொன்று காத்திருக்கிறது. ஆகவே அங்கே ஏறுவோர் ஒரு பாடத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: உச்சித் தூணிலிருந்து 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நட, பிறகு 281 பாகைத் திசைக்குத் திரும்பு. (வடக்கைச் சுழியாகக் கொண்டு வலஞ்சுழியாக எண்ணும் பாகைகள் இவை.)

முன்பெல்லாம் இந்த 150 மீட்டரைத் திசைகாட்டியைக் கையில் பிடித்து, அடிகளை எண்ணி எண்ணித்தான் கடந்தார்கள். இன்று பலருடைய மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் இருக்கிறது. அடிபட்டாலும் நனைந்தாலும் கெடாத உறை. கையுறையுடன் அழுத்தத் தக்க பொத்தான்கள். அது எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

வழியை அது பார்ப்பதே இல்லை, நேரத்தைத்தான் பார்க்கிறது. தரைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உள்ளது. ஒவ்வொரு கோளும், தான் இருக்கும் இடத்தையும் மணியையும் ஓயாமல் வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே இருக்கும். நேர் தலைக்கு மேலிருக்கும் கோளிலிருந்து அலை நம்மை வந்தடைய ஒரு வினாடியில் 15ல் ஒரு பங்கு ஆகும். அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும் அல்லவா?

இங்கேதான் சிக்கல். உங்கள் கையில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோ வினாடி பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வரும். இதற்குக் கண்ட வழி நேர்த்தியானது. இடத்துக்கு மூன்று அறியாக் கணியங்கள். கடிகாரத்தின் பிழையையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள். நான்காவது கோளிடமிருந்து நான்காவது சமன்பாட்டைப் பெறு. நான்கு சமன்பாடு, நான்கு விடை! உங்கள் வகுப்பு இயற்கணிதம்தான் இது. கணக்கு மட்டும் சற்று நீளம்.

காசியோ நிறுவனம் 1999ல் இத்தகைய கைக்கடிகாரத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. அதனால் 100 மீட்டர் வரை இடம் பிசகும். 150 மீட்டரில் திரும்ப வேண்டிய மலையில் அதை நம்பி நடக்க முடியுமா? 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. இப்போது திறந்த வெளியில் சில மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். மேகம் இந்த அலைகளைத் தடுப்பதில்லை. ஆனால் பாறைச் சுவர் தடுக்கும்; சில சமயம் எதிரொலித்துத் தவறான தொலைவையும் காட்டும். அடர்ந்த மரக்கிளைகளும் அலையை நலிவாக்கிவிடும்.

இடம் தெரிந்தால் திசையும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நடந்துகொண்டிருந்தால் சரி, அடுத்தடுத்த இரண்டு இடங்களைக் கொண்டு கடிகாரம் திசையைக் கணக்கிட்டுவிடும். நின்றுகொண்டிருப்பவருக்கு இருப்பது ஒரே ஓர் இடம். ஒரு புள்ளியிலிருந்து கோடு வரைய இயலாது. அப்போது கடிகாரத்துக்குள் இருக்கும் காந்த உணரியே கைகொடுக்க வேண்டும். அது பழைய திசைகாட்டியின் பேரப்பிள்ளை. தாத்தாவின் பலவீனமும் அதற்கு உண்டு. எஃகுப் பனிக்கோடரியை அதே கையில் பிடித்தால் ஏமாந்துபோகும். 10 பாகை தவறினால் என்ன ஆகும்? 150 மீட்டர் முடிவில் 26 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள். டேன்ஜெண்ட் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பல கடிகாரங்கள் காற்றழுத்தத்தால் அளக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு மில்லிபார் குறைந்தால், 9 மீட்டர் போல ஏறிவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். கூடாரத்தில் உறங்கும்போது புயல் நெருங்கி அழுத்தம் 4 மில்லிபார் இறங்கினால், காலையில் நீங்கள் தூக்கத்திலேயே 36 மீட்டர் போல ஏறியிருப்பதாகக் காட்டும்! உயரம் தெரிந்த இடங்களில் அதைத் திருத்தி வைக்க வேண்டும். காரணமில்லாமல் உயரம் ஏறினால் வானிலை கெடுகிறது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

மின்கலத்தைச் சேமிக்கும் அமைப்பிலும் எச்சரிக்கை தேவை. நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் இடத்தைப் பார்க்கும்படி அமைத்தால், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் இடையில் 67 மீட்டர் போய்விடுவார். 150 மீட்டரில் திரும்ப வேண்டியதைக் கடிகாரம் 200 மீட்டரில் சொல்லிப் பயனில்லை. கடுங்குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்வது நல்லது. வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கத்தான் வேண்டும்.

கடிகாரம் ஓய்ந்துவிட்டால் 150 மீட்டரை எப்படி அளப்பீர்கள்? பள்ளித் திடலில் நாடாவால் 50 மீட்டர் அளந்து, இயல்பாக நடந்து அடிகளை எண்ணி, மூன்றால் பெருக்குங்கள். பிறகு மணலிலும் மேட்டிலும் எண்ணிப் பாருங்கள். மூன்று விடைகளும் ஒன்றாக இருக்கின்றனவா?